பெரிய நோய் வந்துவிட்டால் கிரீன் கார்டு கிடைக்காதா?

கல்யாணம் முடிந்து, அமெரிக்காவில் இருக்கும் கணவரோ மனைவியோ கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, இங்கே ஒருவர் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. மார்பகப் புற்றுநோயோ, சிறுநீரகக் கோளாறோ, ஏதோ ஒன்று. அன்று இரவுக்குள் உறவு வட்டத்தில் மூன்று தீர்ப்புகள் வந்துவிடும். “மெடிக்கல்ல தூக்கிடுவாங்க” என்பார் சித்தப்பா. “கல்யாணம் ஆனவங்களை அவங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்பார் நியூ ஜெர்சி மாமா. “இதை எதுக்கு வெளிய சொல்லணும், பேசாம இரு” என்பார் இன்னொருவர். மூன்றுமே தவறு. மூன்றாவது ஆபத்தும்கூட.

இவ்வளவு குழப்பத்துக்குக் காரணம், அமெரிக்கச் சட்டம் தனித்தனியாகக் கேட்கும் இரண்டு கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம், அதற்கு வேலை செய்ய வேண்டும்.

இரண்டு மேஜைகள்

வங்கியில் வீட்டுக் கடன் கேட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் பத்திரம் வங்கி வக்கீலின் மேஜைக்குப் போகும். சம்பளச் சீட்டு கடன் அதிகாரியின் மேஜைக்குப் போகும். பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அது தீரும்வரை கடன் கிடையாது. மாதம் மூன்று லட்சம் சம்பளம் என்றாலும் வக்கீலுக்கு அது பொருட்டில்லை. பத்திரம் சுத்தமாக இருந்து சம்பளம் மட்டும் இடிக்கிறது என்றால் கதை வேறு. சேமிப்பைக் காட்டலாம், ஜாமீன் கையெழுத்துக்கு ஒருவரைக் கூட்டி வரலாம், அதிகாரி கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவு செய்வார்.

கிரீன் கார்டு மனுவிலும் உடல்நலம் இப்படித்தான் இரண்டு மேஜைகளில் பார்க்கப்படுகிறது. திருமணம் உண்மையானதாக இருந்து, மனு ஏற்கப்பட்ட பிறகும், ஒருவரை உள்ளே விடாமல் இருப்பதற்குச் சட்டம் சில காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. இதை ‘அனுமதித் தடை’ என்று சொல்லலாம். அந்தப் பட்டியலின் முதல் காரணம் சுகாதாரம். நான்காவது காரணம், அரசுக்குச் சுமையாகிவிடுவார் என்ற சந்தேகம். முதலாவது வக்கீலின் மேஜை. நான்காவது கடன் அதிகாரியின் மேஜை.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பரிசோதனை கிரீன் கார்டு கேட்பவருக்கு மட்டும்தான். மனுப் போட்ட துணைவருக்கு எந்த நோய் இருந்தாலும் யாரும் அவரைப் பரிசோதிப்பதில்லை. அவர் நோயுற்றால் வரும் சிக்கல் வேறு வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் மேஜை: மெடிக்கல்

இந்தியாவில் இருந்தபடி விசா வாங்குபவர், அமெரிக்கத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தியர்களின் குடியேற்ற விசா இன்டர்வியூ பெரும்பாலும் மும்பையில் நடந்தாலும், மெடிக்கலை மட்டும் சென்னையிலேயே முடித்துவிட முடியும். ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பப் படிவம் போடுபவர், குடியேற்றத் துறை அங்கீகரித்த உள்ளூர் மருத்துவரிடம் ஐ-693 என்ற படிவத்தை நிரப்பி வாங்குவார். அது மூடி முத்திரையிட்ட உறையில் வரும். ஆவலில் பிரித்துவிடக் கூடாது. பிரித்த உறை செல்லாது.

அந்த மருத்துவர் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் இல்லை. விசா தருவதா மறுப்பதா என்று முடிவு செய்பவரும் இல்லை. சட்டம் கேட்கும் சில விஷயங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்வதோடு அவர் வேலை முடிந்தது. அவர் கண்டதை இரண்டு வகையாகப் பிரிப்பார். ‘ஏ பிரிவு’ என்றால் அனுமதித் தடை. ‘பி பிரிவு’ என்றால் உடலில் குறிப்பிடத்தக்க கோளாறு உண்டு, ஆனால் அது தடை இல்லை.

ஏ பிரிவுக்குள் வருபவை நான்கே நான்கு வகை. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான சில தொற்றுநோய்கள், தேவையான தடுப்பூசிகளைப் போடாமல் இருப்பது, பிறருக்கோ தனக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தையோடு சேர்ந்த உடல் அல்லது மனக் கோளாறு, போதைப் பழக்கம்.

தொற்றுநோய்ப் பட்டியலும் நாம் நினைப்பதைவிடச் சின்னது. தொற்றக்கூடிய நிலையில் உள்ள டிபி, சிகிச்சை பெறாத சிபிலிஸ், கொனோரியா, தொழுநோய், இவற்றோடு தனிமைப்படுத்த வேண்டியவை என்று அரசு ஆணையால் அறிவிக்கப்படும் கொள்ளைநோய்கள். எச்.ஐ.வி. இந்தப் பட்டியலில் இருந்தது. 2010 ஜனவரி 4 முதல் இல்லை. அதற்குப் பிறகும் “எச்.ஐ.வி. இருந்தா அமெரிக்கா கதவு மூடு” என்று நம்பிக்கொண்டு கல்யாணத்தையே நிறுத்தியவர்கள் இருக்கக்கூடும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

புற்றுநோய், இதய நோய், சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, பார்கின்சன், பக்கவாதம் எதுவும் அந்த நான்கு வகைக்குள் இல்லை. நான்காம் கட்டப் புற்றுநோயாக இருந்தாலும் ஏ பிரிவு ஆகாது. பி பிரிவில் எழுதுவார்கள். சித்தப்பா சொன்ன ‘மெடிக்கல்ல தூக்கிடுவாங்க’ இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

டிபி மட்டும் தனிக் கதை

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முதல் மேஜையில் சிக்குவது பெரும்பாலும் டிபியால்தான். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. அதில் சந்தேகமான நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மூன்று நாள் காலையில் மூன்று மாதிரிகள். நுண்ணோக்கியில் பார்ப்பதோடு விடமாட்டார்கள். கிருமி வளர்கிறதா என்று வளர்ப்புச் சோதனையும் செய்வார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் ஆகலாம். விமான டிக்கெட் போட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகிறவர்கள் கையைப் பிசைவது இந்த எட்டு வாரத்தில்தான்.

கிருமி இருப்பது உறுதியானால், அவர்கள் குறிப்பிடும் இடத்தில், ஒவ்வொரு வேளை மாத்திரையையும் கண்முன் விழுங்கும் முறையில் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். முடித்துவிட்டால் தடை நீங்கிவிடும். வில்லங்கம் தீர்ந்த பத்திரம் மாதிரி.

பத்து வருடத்துக்கு முன்னால் டிபி வந்து குணமானவருக்கும் நுரையீரலில் தழும்பு தெரியும். அப்போது எங்கே, எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதற்கான சிகிச்சை அட்டை, நிக்ஷய் (அரசின் டிபி நோயாளிகள் பதிவேடு) பதிவு, பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. பழைய படமும் புதிய படமும் ஒரே மாதிரி இருப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. அதற்காகச் சளிப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மனநலம், குடி, போதை

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இருமுனைக் கோளாறு இருக்கிறது என்பது மட்டுமே தடை ஆகாது. கோளாறும் வேண்டும், தீங்கான நடத்தையும் வேண்டும், அந்த நடத்தை இப்போது இருக்க வேண்டும் அல்லது திரும்ப வர வாய்ப்பிருக்க வேண்டும். தொடர்ந்து சிகிச்சை பெற்று நிதானமாக இருப்பவருக்கு மனநல மருத்துவரின் கடிதம்தான் கவசம். சிகிச்சையை நிறுத்திவிட்டு “இப்ப எதுவும் இல்ல” என்று காட்ட முயல்வது தலைகீழான யோசனை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டதையும் இந்த வகையில்தான் பார்க்கிறார்கள். கஞ்சாவுக்கு அமெரிக்க மாநிலம் அனுமதி தந்திருக்கலாம். குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம், அங்கே அனுமதி இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: முதல் மேஜையில் நோய் எவ்வளவு கொடியது என்று யாரும் கேட்பதில்லை. தொற்றுமா, தீங்கு செய்யுமா என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலான தடைகள் சிகிச்சையாலோ தடுப்பூசியாலோ நீங்கிவிடும். சிலவற்றுக்கு ஐ-601 என்ற படிவத்தில் விலக்குக் கேட்கலாம்.

இரண்டாம் மேஜை: செலவை யார் பார்ப்பது?

நியூ ஜெர்சி மாமாவின் நம்பிக்கை இந்த மேஜையில்தான் உடைகிறது. குடியேறியவர் பிழைப்புக்கு அரசையே பெரும்பாலும் நம்பியிருக்கும் நிலைக்கு வந்துவிடுவார் என்று அதிகாரி கருதினால் விசாவை மறுக்கலாம். இதைத்தான் ‘பொதுச் சுமை’ என்கிறார்கள். கல்யாணம் ஆனவர்களுக்கு இதிலிருந்து விலக்கு இல்லை. பார்க்க வேண்டிய அம்சங்கள் என்று சட்டமே ஐந்தைச் சொல்கிறது: வயது, உடல்நலம், குடும்ப நிலை, சொத்தும் பண நிலையும், படிப்பும் திறனும். முதல் மேஜையில் ‘தடை இல்லை’ என்று தப்பித்த அதே புற்றுநோய், பி பிரிவுக் குறிப்பாக இந்த மேஜைக்கு வந்து சேர்கிறது.

வந்தாலும், ஐந்தில் அது ஒன்றுதான். இங்கே மிகவும் எடை போடும் காகிதம் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி. மனுப் போட்ட துணைவர் அமெரிக்க அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. அவருடைய வருமானம் மத்திய அரசு வகுத்த வறுமைக் கோட்டைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். 2025 கணக்கில் கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 26,400 டாலர். போதவில்லை என்றால் கூட்டு ஸ்பான்சர் ஒருவர் கையெழுத்திடலாம். அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ, அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை.

அந்தக் கையெழுத்தைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு பெரிய பயம் உண்டு. “நாளைக்கு ஆஸ்பத்திரி பில்லு நம்ம தலைல விழும்” என்று பெரியப்பா பையன் பின்வாங்குவது இதனால்தான். ஐ-864 அப்படிச் சொல்லவில்லை. வந்தவர் வருமானம் பார்த்துத் தரப்படும் அரசு உதவிகளைப் பெற்றால், அந்தப் பணத்தை அரசு ஸ்பான்சரிடம் கேட்கலாம் என்கிறது. வந்தவரை ஒரு குறைந்தபட்ச நிலையில் தாங்க வேண்டும் என்கிறது. தனியார் மருத்துவமனை பில் அதற்குள் வராது. ஆனால் லேசாகப் போடுகிற கையெழுத்தும் இல்லை: வந்தவர் குடிமகன் ஆகும்வரை, அல்லது அவர் கணக்கில் சுமார் பத்து வருட வேலை சேரும்வரை அது கட்டுப்படுத்தும். விவாகரத்து ஆனாலும் தீராது.

இப்போது நியாயமான பயத்துக்கு வருவோம். சில வருடங்களாக இந்த மேஜையில் ஸ்பான்சரின் வருமானம் சரியாக இருந்தாலே பெரும்பாலும் போதுமாக இருந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், இதய நோய், புற்றுநோய், சர்க்கரை, நரம்பியல் நோய்கள், மனநலக் கோளாறுகள் போன்றவற்றுக்கு ஆகக்கூடிய செலவை அதிகாரிகள் கணக்கில் எடுக்கச் சொல்லப்பட்டது. சட்டம் மாறவில்லை, ஐந்தில் ஒன்றான உடல்நலத்துக்குத் தரும் எடை கூடியிருக்கிறது. சென்ற வருடம் அக்கா மகள் போன அனுபவத்தை வைத்து இந்த வருடம் நடந்துகொள்ளக் கூடாது.

அதிகாரியின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வரும்? பதிலைக் காகிதமாகக் கையில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் ஐநூறு பக்கக் கேஸ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அதை யாரும் புரட்டப் போவதில்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் வாங்குங்கள். என்ன நோய், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், அறுவை, கீமோ எப்போது முடிந்தது, இப்போது நிலை என்ன, இனி என்ன தேவை, வேலை செய்ய முடியுமா. “மார்பகப் புற்றுநோய்” என்ற ஒற்றைச் சொல்லுக்கும், “இரண்டாம் கட்டம், சிகிச்சை முடிந்தது, இனி தினம் ஒரு மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும்” என்ற வரிக்கும் இடையில் லட்சக்கணக்கான டாலர் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்பதற்காக மருத்துவக் காப்பீட்டை மறுக்கும் வழக்கத்துக்கு அமெரிக்கச் சட்டம் 2014-இல் முற்றுப்புள்ளி வைத்தது. துணைவரின் கம்பெனி இன்சூரன்சில் கணவன் அல்லது மனைவியைச் சேர்க்கலாம் என்று கம்பெனி தரும் கடிதம் இந்த மேஜையில் தங்கம். நோய் இல்லாத காலத்தில் யாரும் கேட்டு வாங்காத காகிதம் அது. சேமிப்பு, சொத்து விவரம், நோயாளியின் படிப்பு, வேலை அனுபவச் சான்றுகள் இதற்குப் பின்னால் வரட்டும். “மெடிக்கெய்டு இருக்கு, பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏழைகளுக்கான அந்த அரசுக் காப்பீடு, புதிதாகக் கிரீன் கார்டு பெற்ற பெரும்பாலோருக்கு ஐந்து வருடம் கிடைக்காது. அதோடு, பொதுச் சுமை என்ற சந்தேகத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த மேஜையில் மறுத்தால் அது முடிந்த கதை இல்லை. கூடுதல் ஆதாரமோ, வலுவான கூட்டு ஸ்பான்சரோ காட்டி மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது.

மற்ற நாடுகளில் இதே கேள்வி

இரண்டாம் மேஜை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. டொராண்டோ சித்தி சொல்வதைக் கேட்டு டல்லாஸ் மனுவை எடைபோட முடியாது. கனடாவில், மருத்துவச் சேவைக்கு அளவுக்கு மீறிய சுமை என்று மறுக்கும் பிரிவு உண்டு, ஆனால் ஸ்பான்சர் செய்யப்படும் கணவன், மனைவிக்கு அதிலிருந்து சட்டமே விலக்குத் தருகிறது. பிரிட்டன், துணைவர் விசாவுக்கு இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களிடம் டிபி சான்றிதழ் கேட்கிறது. செலவுக்காக மறுப்பதற்குப் பதில் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியா வெளிப்படையாகக் கணக்குப் போடும்: சிகிச்சைச் செலவு 86,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும் என்று கணித்தால் மருத்துவ நிபந்தனையில் தோல்வி. துணைவர் விசாவில் அதற்கு விலக்குக் கேட்கலாம்.

“பேசாம இரு” என்றால் என்ன ஆகும்?

மெடிக்கலில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். மார்பிலோ வயிற்றிலோ தழும்பு இருந்தால், “இது என்ன ஆபரேஷன்?” என்று கேட்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்றும் கேட்பார்கள். இதற்குப் பொய் சொல்லி, பிறகு அது தெரியவந்தால், நோய் பின்னால் போய்விடும்; முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற முயன்றார் என்ற புதிய தடை முன்னால் வந்து நிற்கும். அந்தத் தடைக்குக் காலக்கெடு கிடையாது, வாழ்நாள் முழுக்க. அதிலிருந்து விலக்குப் பெற, உங்களுக்கு விசா கிடைக்காவிட்டால் அமெரிக்காவில் உள்ள துணைவரோ பெற்றோரோ மிகக் கடுமையான துன்பத்துக்கு ஆளாவார்கள் என்று நிரூபிக்க வேண்டும். தடையே இல்லாத ஒரு நோயை மறைக்கப் போய்த் தடையை விலைக்கு வாங்குவது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம்?

சிகிச்சை நடுவில் இருக்கிறதென்றால் ஒளிவதைவிடத் தள்ளிப்போடுவது நல்லது. மெடிக்கல் ரிப்போர்ட் பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் காலமும் அதையே ஒட்டியிருக்கும். கீமோ தொடங்கப் போகிற மாதத்தில் மெடிக்கல் எடுத்தால் பயணம் செய்வதற்குள் இரண்டும் காலாவதியாகலாம். இன்டர்வியூ தேதியை மாற்றிக் கேட்கலாம். ஆனால் ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டுவிட்டால் மனுப் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். அதற்குள் ஒரு மின்னஞ்சலாவது போயிருக்க வேண்டும்.

நோய் ஸ்பான்சருக்கு வந்தால்

அமெரிக்காவில் இருப்பவருக்கே பெரிய நோய் என்றால் இரண்டு மேஜையிலும் அது நேரடியாக இடிக்காது. வேலை போய் வருமானம் குறைந்தால் ஐ-864 ஆட்டம் காணும். அதற்குக் கூட்டு ஸ்பான்சர் உண்டு. இந்த இடத்தில் நோய் மனுவுக்கு உதவக்கூடச் செய்யும். உயிருக்கு ஆபத்து என்று மருத்துவரின் கடிதம் இருந்தால் மனுவை விரைவுபடுத்தக் கேட்கலாம். முன்பு விசா முடிந்தும் தங்கியதால் தடைக்கு ஆளானவர் விலக்குக் கேட்கும்போது, குடிமகனான துணைவர் நோயுற்றிருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது ‘மிகக் கடுமையான துன்பம்’ என்பதற்கு வலுவான ஆதாரம்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று மிச்சம்: அவர் இறந்துவிட்டால்? மனுப் போட்டவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, இறக்கும்போது திருமணம் நிலைத்திருந்தால், நிலுவையில் உள்ள மனு தானாகவே கணவனை அல்லது மனைவியை இழந்தவருக்கான ஐ-360 மனுவாக மாறிவிடும். மனுவே போடாமல் இறந்திருந்தால், இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் அந்த மனுவை நாமே போடலாம். முன்பு, திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால்தான் இந்த உரிமை. 2009 அக்டோபர் 28-இல் வந்த சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. கிரீன் கார்டு கைக்கு வருமுன் மறுமணம் செய்தால் உரிமை போய்விடும். இறந்தவர் குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தவர் என்றால் பாதை குறுகலானது: துணைவர் அப்போது அமெரிக்காவில் வசித்தாரா, மனு ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்தது, வக்கீலைப் பார்க்காமல் நகரக் கூடாது. மனு நிலுவையில் இருந்த குடிமகனின் துணைவரோ, இறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் அனுப்பித் தெரிவித்தால் போதும். ஐ-864 அவரிடம் கேட்கப்படாது.